ஆத்தாவைப் பார்க்க வந்தவள்

அன்பான உங்களுக்கு,

துபாயில் வெயில் ஏறிவிட்டதா? வேளைக்குச் சாப்பிடுங்கள்.

நாளை சபையாரோடு ஒடிசா மலைக் கிராமங்களுக்கு மருத்துவ ஊழியத்துக்குக் கிளம்புகிறேன். குழுவில் நர்ஸ் நான் ஒருத்திதான். இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கும் அத்தையை யாரிடம் விட்டுப் போவது என்பதுதான் கவலையாக இருந்தது. பார்த்துக்கொள்வதாகச் சொன்ன சபைச் சகோதரிக்கும் காய்ச்சல். நான் வரவில்லை என்று பாஸ்டரிடம் சொல்லிவிடத்தான் இருந்தேன்.

இன்று காலை ஜெபித்துவிட்டு எழுந்து கதவைத் திறந்தால், வாசலில் ஒரு பையோடு பாண்டியம்மா நிற்கிறாள். ஆமாம், உங்கள் தங்கைதான். நாம் ஞானஸ்நானம் எடுத்தபோது நடந்த சண்டையில், "இனி என் வாசலை மிதிக்காதே" என்று நீங்கள் சொல்லி அனுப்பியவள். கொட்டாம்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்கிறாள்.

"நீங்க போக முடியாம அழுகுறீகன்னு ஆத்தா போன்ல சொல்லுச்சு மதினி. ஆத்தாவ நான் பாத்துக்கிறேன். போயிட்டு வாங்க."

யாரையாவது அனுப்பும் என்று கர்த்தரிடம் கேட்டபோது, சபையில் உள்ளவர்களைத்தான் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். நெற்றி நிறையத் திருநீறோடு இவள் வருவாள் என்று நினைக்கவே இல்லை.

போனில் அவள் பேரை எடுத்தாலே வைத்துவிடுவீர்கள். அதனால்தான் வாட்ஸ்அப்பில் எழுதுகிறேன்.

அத்தைக்குத் தலை சீவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: "நான் வந்ததுக்கு அண்ணே கோவிச்சுக்குமா மதினி?"

"கோவிக்க மாட்டார். சாயங்காலம் அவரே உன்னைக் கூப்பிடுவார்" என்று சொல்லிவிட்டேன்.

போனுக்குச் சார்ஜ் போட்டுவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

உங்களை நம்பிச் சொல்லிவிட்ட,
உங்கள் மனைவி