கை ஏன் இன்னும் வாயை மூடுகிறது

அன்புள்ள வாண்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அப்பாவின் இடது முழங்கால் மட்டும் யார் பேச்சையும் கேட்காமல் தனிக்குடித்தனம் நடத்துகிறது. நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள், உள்ளே இருக்கும் ஆள் எப்படி இருக்கிறார், இன்னும் விலாவில்தான் உதைக்கிறாரா, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று விவரமாக எழுது. போனில் கேட்டால் "நல்லாதான்மா இருக்கேன்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறாய், நானும் சரி சரி என்று வைத்துவிடுகிறேன், வைத்த பிறகுதான் கேட்க வேண்டியதெல்லாம் வரிசைகட்டி வருகிறது. இந்தக் கடிதத்தில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. போனில் சொன்னால் நீ இடையில் பேசுவாய், உன் குரலைக் கேட்டதும் நான் பின்வாங்கிவிடுவேன். முழுதாகப் படித்துவிட்டு அப்புறம் கத்து.

முதலில் என் படிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும், நீ ஒழுங்காகக் கேட்டதும் இல்லை, நான் ஒழுங்காகச் சொன்னதும் இல்லை. மாஸ்டர்ஸ் படிக்கிறேன் என்றால் எல்லோரும் எந்த சப்ஜெக்ட் என்றுதான் கேட்கிறார்கள். உன் சித்தியும் கேட்டாள். ஒரே சப்ஜெக்ட் இல்லை, வரலாறு, இலக்கியம், ஓவியம், மனித உடம்பு, தத்துவம் எல்லாம் கலந்தது, ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு அது எந்த வாசல் வழியாகப் போனாலும் பின்னாலேயே போக வேண்டும் என்றேன். "எல்லாம்னா ஒண்ணுமில்லைன்னுதானே அர்த்தம்" என்று என் வாயை அடைத்துவிட்டாள். எங்கள் பல் லேப் முதலாளி, "நீங்க படிச்சு முடிச்சா நம்ம பல்செட் இன்னும் வெள்ளையா வருமாம்மா" என்று கேட்டார். கேட்டாலும் வகுப்பு நாட்களில் சீக்கிரம் விட்டுவிடுகிறார், அதற்காக அவர் எவ்வளவு கிண்டல் செய்தாலும் தாங்கிக்கொள்ளலாம். வகுப்பில் எல்லோருமே வேலை முடித்து ஓடி வருகிறவர்கள்தான். என் பக்கத்தில் ஒரு தீயணைப்புக்காரர் உட்காருகிறார், நெருப்பைப் பற்றிப் பழைய மனிதர்கள் என்னென்ன நினைத்தார்கள் என்று தேடுகிறார், பாவம், சில நாள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறார். பாடம் நடத்தும் பெண் உன்னைவிடச் சின்னவள். அவளை வாம்மா போம்மா என்று கூப்பிட வந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு மேடம் என்கிறேன்.

முதல் கட்டுரையில் நான் அடித்த கூத்தைச் சொன்னால் சிரிப்பாய். எங்கள் வேலை உனக்குத் தெரியும், பல் கட்டினால் அது கட்டின பல் என்றே தெரியக்கூடாது, கை பட்ட தடம் எங்காவது இருந்தால் அது கெட்ட வேலை, தேய்த்துத் தேய்த்து வழவழவென்று ஆக்கிவிட வேண்டும். கட்டுரையையும் அப்படியே செய்துவிட்டேன். எனக்குச் சந்தேகம் வந்த இடம், நான் ஒத்துக்கொள்ளாத இடம், துருத்திக்கொண்டிருந்த வரி எல்லாவற்றையும் ராவிவிட்டுக் கொடுத்தேன், கையில் எடுத்தால் வழுக்கும், அவ்வளவு நேர்த்தி. மேடம் கூப்பிட்டு, "எல்லாம் சரியா இருக்குங்க, ஆனா இதை யார் எழுதினாலும் இப்படித்தானே இருக்கும், நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பொரிந்து தள்ளினேன். இத்தனை வருஷ வேலையில் என்னை ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை, கேட்கும்படி நான் வைத்துக்கொண்டதும் இல்லை. பிறகு மெழுகை உருக்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் யோசித்துப் பார்த்தேன், எனக்கென்று ஒரு கேள்வி இருக்கிறதா என்று. இருந்தது.

நான் செய்யும் பல் யார் வாய்க்குப் போகிறது என்று எனக்குத் தெரியாது. அச்சு வரும், பல்செட் போகும், மனிதரைப் பார்ப்பது டாக்டர் மட்டும்தான். அதனால் டாக்டரிடம் அனுமதி வாங்கி, மேடத்திடமும் சொல்லி, கிளினிக்கில் ஒரு ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். டிக்கெட் கவுண்டரில் வேலை செய்யும் ஒரு அம்மா வந்தாள், முன்பல் போய் வெகு நாளாகிவிட்டது, சிரிப்பு வந்தால் கையால் வாயைப் பொத்திக்கொள்வாள். புது செட் மாட்டினார்கள், கண்ணாடியில் பார்த்தாள், அத்தனை அழகு, நான் செய்தது என்பதற்காகச் சொல்லவில்லை. டாக்டர் ஏதோ வேடிக்கையாகச் சொன்னார், அவள் சிரித்தாள், கை தானாகப் போய் வாயை மூடிக்கொண்டது. மூட அங்கே ஒன்றுமே இல்லையே! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கை ஏன் இன்னும் போகிறது, எத்தனை நாள் போகும், நின்றால் எதனால் நிற்கிறது? இது நரம்பு சமாச்சாரமா, வெட்கமா, பெண்பிள்ளை பல்லைக் காட்டாதே என்று யாரோ சின்ன வயதில் அதட்டியதா? பழைய ஓவியங்களில் பல் தெரியச் சிரிப்பவர்கள் ஏன் அவ்வளவு குறைவு என்று வேறு பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஓவியத்துக்கு உட்காருகிறவர் அவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டே இருக்க முடியுமா என்று பார்க்க அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்தேன், கொஞ்ச நேரத்திலேயே பல்லைக் கடிக்கிற முகமாகிவிட்டது. பதில் ஒன்றும் இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் இந்த ஒரு கை என்னை எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போகிறது, காலையில் கண் விழித்ததும் அதுதான் நினைவுக்கு வருகிறது, இந்த வயதில் இப்படி ஒன்று வரும் என்று நான் நினைக்கவே இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இதுதான் என் கடைசி ஆய்வு. சிலரைப் பல்செட் மாட்டும் நாளில் பார்க்க வேண்டும், கொஞ்ச நாள் கழித்துப் பார்க்க வேண்டும், பழகின பிறகு இன்னொரு முறை பார்க்க வேண்டும். அதெல்லாம் சரியாக உன் பிரசவ சமயத்தில் வருகிறது. நீ போனில், "எப்பம்மா வர்றே?" என்று கேட்டாய், "ஒரு மாசம் முன்னாடியே வந்துடறேன்" என்று சொல்லிவிட்டேன், யோசிக்கக்கூட இல்லை. மறுநாளே மேடத்திடம் போய், ஆய்வு வேண்டாம், நான் நின்றுகொள்கிறேன் என்றேன். அடுத்த வருஷம் செய்யலாமே என்றாள். செய்யலாம்தான், ஆனால் இந்த ஆட்களுக்கு முதல் நாள் மறுபடி வராது. உன் குழந்தைக்கும் முதல் நாள் ஒன்றுதான். இதை நினைத்து நினைத்து லேப்பில் ஒரு மேல்வரிசைப் பல்லைக் கீழ்வரிசையில் வைத்துவிட்டேன், முதலாளி உடம்பு சரியில்லையா என்று கேட்டுவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்.

அன்று அப்பா, "நான் போறேன், நீ முடிச்சிட்டு வா" என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். டிப்போவில் காலம் முழுக்க பஸ் நேரம் பார்த்த மனுஷர், உனக்கு ஜுரம் வந்தால்கூட என்னைத்தான் கூப்பிடுவார், இவர் போய்க் குழந்தை வளர்ப்பாராம். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு மாடி வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே ஒரு கைக்குழந்தை இருக்கிறது. விஷயம் என்னவென்றால், நான் வகுப்புக்குப் போகும் நாளிலெல்லாம் அவர் அங்கே போய்க் கற்றுக்கொண்டிருக்கிறார், எனக்குத் தெரியாது! கழுவுகிறார், துணி மாற்றுகிறார், தோளில் போட்டு ஏப்பம் விடவைக்கிறார். தாலாட்டு தெரியாததால் பஸ் போகும் நிறுத்தங்களை வரிசையாகச் சொல்லுகிறாராம், கடைசி நிறுத்தம் வருவதற்குள் குழந்தை தூங்கிவிடுகிறதாம். மாடி வீட்டுப் பெண், "ஆன்ட்டி, அங்கிளை அனுப்பாதீங்க, எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரி ஆயிடும்" என்கிறாள். சமையல் மட்டும் சுமார்தான், உப்பை மாப்பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும்.

அதனால் மேடத்திடம் திரும்பவும் போய், நான் நிற்கவில்லை, செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். பிரசவத்துக்கு அப்பா வருகிறார், கடைசி ஆளைப் பார்த்து முடித்த மறுநாள் நான் புறப்படுகிறேன், வந்து நீ போ போ என்று துரத்தும்வரை இருக்கிறேன். ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், பெண்ணின் பிரசவத்தை விட்டுவிட்டுப் படிக்கிறாளாம் என்று. அவர்கள் பேச்சு எனக்குப் பெரிதில்லை. நீ மனதுக்குள் அப்படி நினைத்துவிடுவாயோ என்பதுதான் பயம். எனக்கு இது வேண்டும் கண்ணு. உனக்கு அம்மாதான் வேண்டும் என்றால் நேராக எழுது, எல்லாவற்றையும் போட்டுவிட்டு வருகிறேன், முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் என் மனசு நோகக்கூடாது என்று பொய்யாகச் சரி என்று மட்டும் எழுதாதே.

இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே, இரவில் இடது பக்கம் ஒருக்களித்துப் படு, தனியாக நாற்காலியில் ஏறி எதையும் எடுக்காதே. நீங்கள் இருவரும், வரப்போகிற ஆளும், நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் நிறைவாக இருக்க வேண்டும், என் ஆசி எப்போதும் உண்டு. உன் குழந்தையை முதலில் தூக்குவது நானாக இருக்காது என்ற வரியை இரண்டு முறை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். நீ பிறந்தபோது அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை, அவர் வந்து பார்ப்பதற்குள் நீ சிரிக்கவே ஆரம்பித்துவிட்டாய். இந்தத் தடவை அவர் முதலில் தூக்கட்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அம்மா