பத்தாம் கேள்வி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். இங்கே நாங்கள் மூவரும் நலம் என்று எழுதப் போய்ப் பேனா நின்றுவிட்டது, அதனால் மூவரும் இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் தபால் போடுகிறார் என்று நினைப்பாய். உன் தம்பியால் போனைப் பிடிக்க முடியாது, கட்டில் கம்பியில் மாட்டிச் சத்தமாக வைத்திருக்கிறோம், நீ தும்மினால்கூட அடுப்படி வரை கேட்கிறது. வெளியே எடுத்துப் போய்ப் பேசலாம்தான். இரண்டு முறை போனேன், உன் குரலைக் கேட்டதும் அங்கே மழையா வெயிலா என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன். எழுதினால் உன் முகமும் குரலும் எதிரில் இருக்காது, அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

உன் அம்மாவுக்கு வலது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. இரண்டு மணிக்கொரு முறை அவனைப் புரட்டிப் படுக்க வைக்கிறாள் அல்லவா, நான் செய்கிறேன் என்றால் விடமாட்டாள், உங்களுக்குப் பதமாகத் தூக்கத் தெரியாது, மூட்டை தூக்குவது போலத் தூக்குகிறீர்கள் என்கிறாள். அவன் ஏசி பெட்டி மாட்டப் போய் இரண்டாம் மாடியிலிருந்து விழுந்து இந்த மாதத்தோடு பதினாலு மாதம் ஆகிறது. குளியலறைக் கதவைக் கழற்றிவிட்டோம், சக்கர நாற்காலி நுழையவில்லை, இப்போது திரை தொங்குகிறது. வாய் மட்டும் அவனுக்கு அப்படியே இருக்கிறது. பயிற்சி கொடுக்க வரும் பிசியோ அம்மாவிடம், “வேலைக்காகக் கையைக் காலைப் புடிக்கிறவங்களப் பாத்திருக்கேன், கையைக் காலைப் புடிக்கிறதையே வேலையா வச்சிருக்கிறது நீங்கதான்” என்கிறான். அந்த அம்மா விழுந்து விழுந்து சிரிக்கிறார். முழங்கை மடங்குகிறது, விரல் மட்டும் மூடவில்லை. நடக்க வேண்டும் என்றெல்லாம் அவன் இப்போது பேசுவதில்லை, சட்டைப் பொத்தானை நானே போட்டுக்கொண்டால் போதும் என்கிறான்.

நீ வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் வளர்த்தெடுத்த நரம்புச் செல்களை அடிபட்ட தண்டுவடத்தில் வைத்துப் பார்க்கப் போகிறார்கள், பன்னிரண்டு பேரைத்தான் எடுப்பார்கள், தம்பி பெயரையும் பட்டியலில் ஏற்றிவிட்டேன் என்று நீ சொன்ன அன்று உன் அம்மா அடுப்பை அணைக்க மறந்து பால் பாத்திரம் கருகிப் போனது. நடக்க வைப்போம் என்று அவர்கள் சொல்லவில்லை, விரலில் கொஞ்சம் பலம் வரலாம், வராமலும் போகலாம் என்று நீ பத்து தடவை எச்சரித்தாய். அந்த ‘வரலாம்’ மட்டும்தான் எங்கள் காதில் விழுந்தது. அம்மாடி, அந்தப் பட்டியலிலிருந்து அவன் பெயரை எடுத்துவிடு. எடுக்க வைத்தது நான்.

அவன் விழுந்த மூன்றாம் மாதம், கண்ணாடிக் கடைக்கு மேலே ஒரு மருத்துவமனை இருக்கிறது, இடுப்பெலும்பிலிருந்து செல் எடுத்து முதுகில் ஊசி போட்டால் நரம்பு ஒட்டிக்கொள்ளும் என்று யாரோ சொன்னார்கள். உனக்குத்தான் தெரியுமே, முப்பத்திரண்டு வருஷம் குழிக்குள் குந்தி, அறுந்த டெலிபோன் கேபிளை ஜோடி ஜோடியாகச் சேர்த்தவன் நான். கேபிள் அறுந்தால் ஈரம் ஏறுவதற்குள் மூட வேண்டும், ஒரு நாள் விட்டால் பத்தடிக்கு வெட்டி எறிய வேண்டியதுதான். என் பிள்ளையின் முதுகுக்குள்ளும் ஈரம் ஏறிக்கொண்டிருக்கிறது என்றே எனக்குப் பட்டது. டாக்டர்கள் பொறு பொறு என்றபோதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன் அம்மாவிடம் தண்ணீருக்குள் செய்யும் பயிற்சிக்குப் போகிறோம் என்று பொய் சொன்னேன். மாடி ஏறும் முன் அவன், “அக்காவ ஒரு வார்த்தை கேட்டுடலாம்பா” என்றான். “உங்க அக்கா நாலு புஸ்தகத்தப் படிச்சிட்டு ஆறு மாசம் கழிச்சுப் பதில் சொல்லுவா, நீ சும்மா இரு” என்றேன். அதற்கு மேல் அவன் பேசவில்லை. ஊசியில் என்ன இருக்கிறது என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் ஒரு துண்டுச் சீட்டு கொடுக்கவில்லை. ஒரு கேபிளில் எத்தனை ஜோடி என்று கேட்காமல் கத்தியை எடுக்காதவன், பெற்ற பிள்ளை விஷயத்தில் கேட்கவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மூன்று ஊசி. மூன்றாவதுக்குப் பிறகு உணர்ச்சியே இல்லாத காலில் நெருப்பு வைத்த மாதிரி எரியுது என்று அவன் துடித்தான், செல் வேலை செய்கிறது, நல்ல அறிகுறி என்றார்கள். அவன் அழ அழ நான் சந்தோஷப்பட்டேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

பிறகு நீ அனுப்பிய படிவம் வந்தது. ஒவ்வொரு கேள்வியாக நான் படிக்க, அவன் பதில் சொல்ல, நான் எழுதினேன். பத்தாம் கேள்வி, இதற்கு முன் எந்த இடத்திலாவது செல் சிகிச்சை எடுத்ததுண்டா என்று. கண்ணில் பட்டதும் வாய்விட்டுப் படிக்காமல் ‘இல்லை’ என்பதில் டிக் போட்டுவிட்டுப் பதினொன்றுக்குப் போனேன். அவன் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். புதிதாக ஒரு ஸ்கேன் வேண்டும் என்று உன் ஆஸ்பத்திரியில் கேட்டார்களே, போன வியாழக்கிழமை எடுத்தோம். படம் பார்த்த டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, “இந்த எடத்துல யாரு என்ன போட்டாங்க?” என்றார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். போட்ட இடத்தில் ஏதோ கட்டி போல வளர்ந்திருக்கிறது, அது தண்டுவடத்தை அமுக்கினால் கையில் மிச்சம் இருக்கும் பலமும் போகலாம், இனி எந்த ஆராய்ச்சியிலும் சேர்க்க மாட்டார்கள், பழையதன் மேல் புதியதை வைத்தால் எது என்ன செய்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். அந்த அம்மா கத்தவில்லை, கத்தியிருக்கலாம். அங்கிருந்து நேரே அந்த மாடிக்குப் போனேன், அறையில் கண்ணாடிச் சட்டங்களை அட்டைப் பெட்டியில் அடுக்கியிருக்கிறார்கள். மருத்துவமனையா, இங்கேயா என்று கேட்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து ஸ்கேன் ரிப்போர்ட் இன்னும் வரவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். பெரிய டாக்டரிடம் செவ்வாய்க்கிழமை கூட்டிப்போக வேண்டும், கட்டியை எடுக்க முடியுமா என்று அவர் பார்த்துச் சொல்வார். இடம் நிறைந்துவிட்டது என்று நீ போனில் தம்பியிடம் சொல்லிவிடு என்று கேட்கத்தான் இந்தக் கடிதத்தையே ஆரம்பித்தேன். உன்னையும் பொய் சொல்லச் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டேன் பார்.

வீட்டில் இருக்கும் ஒரே மேஜை அவன் அறையில்தான். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான், தூங்குகிறான் என்று நினைத்து இதுவரை எழுதிக்கொண்டிருந்தேன். நான் மூக்கை உறிஞ்சியது அவனுக்குக் கேட்டிருக்கும் போல. “அக்காவுக்கா எழுதுறீங்க? பேர எடுத்துடச் சொல்லுங்கப்பா” என்றான். “ஏண்டா?” என்றேன். “ஒம்பதுக்கப்புறம் பதினொண்ணு படிச்சீங்க. எனக்கு விரல்தான் போச்சு, எண்ணிக்கை போகலையே. நானும் வாய மூடிக்கிட்டுதான் இருந்தேன்” என்றான். ஸ்கேன் விஷயத்தையும் அப்போதே சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு, வரிசையில் எவனோ காத்துக்கிட்டிருப்பான், அவனுக்காவது சீக்கிரம் போகட்டும் என்றான். உன் அம்மா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள், வந்து அவனை இந்தப் பக்கம் புரட்டிவிட்டுப் போய்விட்டாள்.

கண்ணு, இந்த வாரத்துக்குள் அவர்களிடம் உண்மையைச் சொல்லிப் பெயரை எடுத்துவிடு, மறக்காதே. அப்பன் எழுதிய பொய் என்று சொல், உன் வேலைக்கு ஒரு சொல் வரக்கூடாது. பேத்தியைக் குளிரில் வெளியே விடாதே. நீ எல்லாரோடும் நீடித்து நன்றாக இரு, என் ஆயுசும் சேர்த்து உனக்கும் உன் பிள்ளைக்கும் போகட்டும்.

கடைசியில் அவன் சொல்லச் சொல்ல எழுது என்கிறான், அவனுக்கு என் கைதானே இப்போது கை. ‘அக்கா, அப்பாவத் திட்டாத. ஊசி போட்டுக்கறேன்னு நானும்தான் சரின்னு சொன்னேன்.’

அவன் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். அது பொய், அம்மாடி. அவன் சரி என்று சொல்லவே இல்லை.

இப்படிக்கு,
உன் அப்பா