சம்பந்தி கடைப் புகை

மார்ச் 4, செவ்வாய்

பேக்கரித் தெருவிலிருந்து தையல்காரம்மா வந்தார். தைத்து மாட்டியிருந்த வெள்ளைச் சட்டையை என் மேசையில் விரித்தார். காலரெல்லாம் பேக்கரிப் புகையின் கரி. எலி வேறு துணியைக் கடிக்கிறதாம். சொல்லிக்கொண்டிருக்கும்போதே மூச்சு வாங்கி, நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். நாளைக்கே வருகிறேன் என்று வீராப்பாகச் சொல்லி அனுப்பினேன்.

போன பிறகுதான் உறைத்தது. அந்தத் தெருவில் இருப்பது ஒரே பேக்கரி. என் மகளைப் பெண் கேட்டிருக்கிறார்களே, அவர்களுடையது!

மார்ச் 5

வேறு யாரையாவது அனுப்பச் சொன்னார் என் வீட்டுக்காரர். இந்த வட்டாரத்துக்குச் சுகாதார ஆய்வாளர் நான் ஒருத்திதான். யாரை அனுப்ப?

எங்கள் அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு சந்து, அதைத் தாண்டினால் கடை. காற்று பேக்கரித் தெருப் பக்கமே வீசுவதால் புகை எங்களுக்குத் தெரிந்ததில்லை. கல்யாணப் பேச்சுக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்துப் பேக்கரிக்காரர் முகமெல்லாம் பல்லாகக் கேக் கொடுத்தார். வாயில் கேக்கை வைத்துக்கொண்டு அடுப்பைக் காட்டுங்கள் என்று எப்படிக் கேட்பது? விழுங்கிவிட்டுக் கேட்டேன்.

பின்கட்டில் பழைய கதவு, ஜன்னல், உடைந்த கட்டில் எல்லாம் மலைபோல. அத்தனையும் பெயிண்ட் அடித்த மரம். அதை எரித்தால் கரும்புகை வராமல் மல்லிகை வாசமா வரும்? குவியலைக் காலால் தட்டினேன். ஓர் எலி வெளியே வந்து, என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போனது. தின்ற கேக் நினைவுக்கு வந்தது.

மரத்தை அகற்றி, புகைபோக்கியை உயர்த்தும்வரை அடுப்பு எரியக்கூடாது என்றேன்.

“பொண்ணு குடுக்க வந்தீங்கன்னு நெனச்சேன். கடைய மூட வந்திருக்கீங்க.”

தெருமுனை வரை நிமிர்ந்து நடந்தேன். அதற்குமேல் ஓட்டமும் நடையுமாக அலுவலகம் வந்து சேர்ந்தேன்.

மார்ச் 6

மகள் பேசவில்லை. தட்டுதான் பேசியது. டங்.

மார்ச் 8

இன்று வாய் திறந்தாள். “நிச்சயம் முடியற வரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதாம்மா?”

அந்த யோசனை எனக்கு வராமலா இருந்தது? வந்தது. கூடவே, அந்தம்மா நாற்காலியைப் பிடித்த கையும் கண்ணில் வந்து நின்றது. அதைச் சொன்னேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாள்.

நான் சரியாத்தானே செஞ்சேன்? சரிதான். அப்புறம் ஏன் சோறு எறங்க மாட்டேங்குது?

மார்ச் 11

சாயங்காலம் மகள் தலை முதல் கால் வரை புழுதியோடு வந்தாள். பேக்கரிக்காரர் பையனும் இவளுமாகச் சேர்ந்து மரத்தையெல்லாம் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார்களாம்.

“எத்தன எலிம்மா!” என்றாள். பேசிவிட்டாள்!

மகிழ்ச்சியில் ஒன்றை யோசிக்கவில்லை. முதலில் பொறி வைத்துப் பிடித்துவிட்டுத்தான் குவியலைக் கலைக்க வேண்டும். நான் சொல்லியிருக்க வேண்டியது. அந்த எலிகள் இப்போது எங்கே?

மார்ச் 14

தெரிந்துவிட்டது. பின்பக்கச் சந்து வழியாக எங்கள் அலுவலகத்துக்கே குடிவந்துவிட்டன. மேலதிகாரியின் சாப்பாட்டுப் பையிலிருந்து ஒன்று குதிக்க, அவர் நாற்காலிமேல் ஏறி நின்றபடி என்னைக் கூப்பிட்டார். சுகாதார அலுவலகத்தில் எலி. ஊரே சிரிக்கிறது. நானும்தான், கதவைச் சாத்திக்கொண்டு.

மார்ச் 19

புகைபோக்கி உயர்ந்துவிட்டது. காய்ந்த நல்ல விறகு, மெல்லிய புகை. அடுப்பைப் பற்றவைக்க அனுமதி கொடுத்தேன். பேக்கரிக்காரர் தலையை மட்டும் ஆட்டினார். கேக் கிடையாது.

மார்ச் 21

மத்தியானம் பேக்கரிக்காரர் இரண்டு கையிலும் எலிப்பொறிகளோடு அலுவலகத்துக்கு வந்தார். யாரையும் கேட்கவில்லை. மூலைக்கு மூலை ரொட்டித் துண்டு மாட்டி வைத்துக்கொண்டே வந்தார். கடைசிப் பொறியை என் மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு நிமிர்ந்தார்.

“ஞாயித்துக்கெழம வீட்ல இருப்பீங்களா? பிள்ளைங்க விஷயமாப் பேசணும்.”

இருப்போம், சாப்பிடவே வந்துவிடுங்கள் என்றேன். சரி என்று அவர் சொல்லி முடிக்கவில்லை, மேசைக்கு அடியில் பட்டென்று பொறி விழுந்தது. சம்பந்திகள் இருவரும் ஒரே துள்ளாகத் துள்ளினோம்.