கப்பலேறிய டீ கேக்குகள்

இன்று அரசாங்க மக்கள் கடை வரிசையில் எண்ணெய்க்கு நின்றேன். மைதா மாவு கொடுத்தார்கள். எண்ணெய் எங்கே என்று கேட்க வாயெடுத்தேன். பின்னால் நின்றவர்கள் தள்ளிய தள்ளில் கேள்வி உள்ளேயே போய்விட்டது. பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நம் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டைத் தெருவில் நடந்து வந்தேன். வேர்வையில் காகிதம் நனைந்து, லேசாகப் புழுங்கிய மாவு வாசனை மூக்கில் ஏறியது. உன் முந்தானை வாசனை அது. தெருமுனைத் தேநீர்க்கடை முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

உனக்கு நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. நீ இருந்தபோது அவசியம் வரவில்லை. நான் போகிற தூரமெல்லாம் இன்சீன் ரயில் பட்டறை வரைக்கும்தானே, சாயங்கால ரயிலில் வந்து நிற்பேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். பட்டறை ஸ்டோரில் நட்டும் போல்ட்டும் எழுதியே பழகிய கை. தப்பிருந்தால் சிரித்துக்கொள். நீ போன பிறகு இந்த வீட்டில் என்னைப் பார்த்துச் சிரிக்க நம் எஸ்தர் ஒருத்திதான். அவளும் பாதி நேரம் பர்மியில் சிரிக்கிறாள்.

மாவைக் கண்டதும் அவள் கேட்டாள்: "அப்பா, டீ கேக் போடலாமா?"

"வெண்ணெய்க்கு எங்கே போறது?"

"அம்மாவுக்கு மட்டும் வெண்ணெய் கிடைச்சுதா?"

நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். நம் மகளுக்கு அப்படியே உன் வாய்.

அந்த டீ கேக் நம் வீட்டுக்கு வந்ததே சுற்றுவழியில்தான். மிஷன் வளாகத்தில் மிஷனரி மிஸியம்மாவின் சமையலறையில் நீ வேலைக்கு இருந்தாய். அவர் அமெரிக்காவில் தெற்குப் பக்கத்துக்காரர். பருத்தி விளையும் ஊர், வெயிலும் பொல்லாத வெயில் என்று வந்து சொல்வாய். ஞாயிறு ஆராதனை முடிந்து வருகிறவர்களுக்கு, தன் அம்மா சுட்ட மாதிரியே டீ கேக் சுட்டு வைப்பாராம். வெண்ணெயையும் சர்க்கரையையும் நுரைக்கக் குழைக்க வேண்டும். முட்டையை உடைத்து ஊற்றி, மோரில் ஆப்பசோடா கரைத்து விட்டு, மாவைக் கொட்டிச் சாதிக்காயைத் துருவிப் போட வேண்டும். அழுத்திப் பிசைந்தால் கெட்டது, சேர்த்துவிட்டால் போதும். பிஸ்கட் என்றும் சொல்ல முடியாது, கேக் என்றும் சொல்ல முடியாது. ஓரம் இறுகி நடுவில் மெத்தென்று இருக்கும்.

"பேர்லதான் டீ இருக்கு, உள்ளே ஒரு சொட்டையும் காணோம்" என்றேன் முதல்முதல் தின்றபோது.

"டீயை நீங்க ஊத்திக்குங்க. எல்லாத்தையும் நானே ஊட்டி விடணுமா?" என்றாய்.

மிஸியம்மா வீட்டில் கேக் சுட இரும்பு அடுப்பு இருந்தது. நமக்கு ஏது? வாணலியில் அடுக்கி மூடி வைத்தாய். அடி கருகிவிட்டது, மேலே பச்சை மாவு. பலகைச் சுவர் இடுக்கு வழியாகப் புகை போனதும் பக்கத்து வீட்டு டோ கின் அக்கா ஓடி வந்தார். அவர் சன்வின்மக்கின் சுட்டு விற்கிறவர். ரவையையும் தேங்காய்ப்பாலையும் கிண்டி, மேலேயும் கீழேயும் தணல் வைத்துச் சுடுகிற பர்மியப் பலகாரம். உன் வாணலியைப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

"மேலேதான் தணல் வேணும், தங்கச்சி. கீழே சும்மா பேருக்கு."

தன் அடுப்பிலிருந்தே ஒரு தட்டு தணலை அள்ளி வந்து மூடிமேல் பரப்பினார். அன்றைக்குத்தான் டீ கேக் டீ கேக்காக வந்தது. அதிலிருந்து நீ எப்போது மாவைக் குழைத்தாலும் தணல் டோ கின் அக்கா வீட்டிலிருந்துதான். எனக்குக் கொடுத்த உத்தியோகம் விசிறுவது. பட்டறை வேலை முடித்து வந்த களைப்பில் கண்ணை மூடிக்கொண்டு விசிறுவேன். சாம்பல் பறந்து எல்லா கேக்கின் நெற்றியிலும் உட்காரும். "என்னங்க, இன்னிக்குச் சாம்பல் புதனா?" என்பாய்.

அப்புறம் கப்பல் காலம் வந்தது. கடைகளைப் பர்மா அரசாங்கம் எடுத்துக்கொண்டது. பிழைப்புப் போன நம் ஜனங்கள் மதராஸ் கப்பலுக்குப் பேர் கொடுக்க ஆரம்பித்தார்கள். முதலில் எதிர்வீட்டுக்காரர்கள் கிளம்பியபோது, பிள்ளைகள் கப்பலில் தின்னட்டும் என்று ஒரு டின் நிறையச் சுட்டுக் கொடுத்தாய். பார்த்தவர்களெல்லாம் கேட்டார்கள். கோயிலுக்குப் போகிறவர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள் என்ற பேதமில்லாமல், தெருவில் யார் கப்பலேறினாலும் உன் டின் கூடப் போனது. முட்டை தொடாத வீட்டுக்கு மோரைக் கூட்டிச் சுட்டாய். உதவிக்கு வந்த பெண்களுக்கு ஒரு சட்டமும் போட்டாய்.

"போறவங்க கை மாவுல படக்கூடாது. பட்டா மனசு இங்கேயே ஒட்டிக்கும்."

"இது எந்த வேதத்துல இருக்கு?" என்று கேட்டேன்.

"என் வேதத்துல."

தையல்காரர் அந்தோணி போன சமயம் நினைவிருக்கிறதா? நகை எதையும் துறைமுகத்தில் விடமாட்டார்கள் என்று பேச்சு. மனிதர் மோதிரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உன் அடுப்பங்கரை வாசலில் நெளிந்தார்.

"அண்ணி, ஒரே ஒரு கேக்குக்குள்ள மட்டும் இதை..."

"எந்தக் கேக்குன்னு கப்பல்ல எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"ஒவ்வொண்ணா கடிச்சுப் பார்க்கிறதுதான்."

"பல்லு போனா எனக்குச் சாபம் விடக்கூடாது. மோதிரத்தை இங்கேயே இருக்கப்போற உங்க அக்காகிட்ட கொடுத்துட்டுப் போங்க, போங்க."

நல்லவேளை. சோதனைக்காரர் டின்னைத் திறந்து ஒன்றை உடைத்துப் பார்த்தாராம், உடைத்ததைத் தின்றாராம், தின்றதும் இன்னொன்றை எடுத்துக்கொண்டு மூடினாராம். அந்தோணி மதராஸிலிருந்து எழுதியதைப் படித்து நீ சிரித்த சிரிப்பில் டோ கின் அக்கா பலகையைத் தட்டி என்னவென்று கேட்டார்.

ஆனால் ஒவ்வொரு டின்னுக்கும் நீ கொஞ்சம் கொஞ்சமாக ஓய்ந்தாய். உன்னிடம் சுடக் கற்றவர்களே ஒவ்வொருவராகக் கப்பலேறினார்கள். மிஸியம்மாவும் போக வேண்டி வந்தது. அவருடைய பலகாரத்தையே சுட்டு அவருக்குக் கொடுத்தாய். ஒரு கடி கடித்துவிட்டு, "இது எங்க அம்மா கை இல்லை, உன் கை" என்றாராம். அதைச் சொல்லிவிட்டு நீ காலி டின் மூடியைத் துடைத்துத் துடைத்து வைத்தாய்.

எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. பந்தியில் எல்லாரும் எழுந்து கை கழுவப் போன பிறகு, தான் மட்டும் இலைமுன் உட்கார்ந்திருக்கிறவன் கூச்சம் மாதிரி ஒரு பயம். எஸ்தருக்கு நாளை யார் துணை, எங்கே வாழ்வு என்ற கவலை வேறு. மதராஸில் இருந்த என் அண்ணன் வா வா என்றார். ஒருநாள் நீ சோறு போடும்போது ஆரம்பித்தேன்.

"பேர் கொடுத்திடலாமா? ஊருக்குத் திரும்பிடலாம்."

"நான் அங்கேயிருந்து வந்தாத்தானே திரும்ப? நான் பொறந்தது இந்தத் தெரு. நீங்களும் கைக்குழந்தையா வந்தவர்தான்."

"எல்லாரும் போறாங்க."

"சரி, போகலாம். நம்ம டின்னை யார் போடுவா?"

"நான் போடுறேன்."

"நீங்களும் போறவர். கை படக்கூடாது."

"எஸ்தர்?"

"அவ மட்டும் இங்கேயே இருக்கப் போறாளா?"

வக்கீல் முன்னால் அகப்பட்ட சாட்சி மாதிரி விழித்தேன். பிறகு பெரிய யோசனை வந்தவனாக, "டோ கின் அக்கா போடட்டும். அவங்க எங்கேயும் போகலையே" என்றேன். நீ கரண்டியைச் சட்டியில் வைத்தாய். முகத்தில் விளையாட்டு இல்லை.

"கேட்டுப் பாருங்க. அவங்க போட்டுக் கொடுத்தா நான் வர்றேன்."

மறுநாளே வெறும் தணல் தட்டை எடுத்துக்கொண்டு போனேன். டோ கின் அக்கா ரவை கிண்டிக்கொண்டிருந்தார். என் பட்டறைப் பர்மியில் மாவு, டின், கப்பல் என்று திக்கித் திக்கிச் சொன்னேன்.

"யாருக்கு டின்?"

"எங்களுக்கு."

கிண்டுவதை நிறுத்தினார். ரவை அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"எல்லா டின்னுக்கும் என் தணல்தான் போச்சு. போனவங்க ஒருத்தராவது திரும்பி வந்தாங்களா? இதுக்கு மட்டும் மாட்டேன், தம்பி. வேணும்னா என் அடுப்புல தண்ணியை ஊத்திட்டுப் போ."

அவ்வளவு பெரிய அம்மாள் என் முன்னால் அழுதால் நான் என்ன செய்வேன்? வெறும் தட்டோடு வந்தேன். பலகைச் சுவர், நீ எல்லாம் கேட்டிருப்பாய்; ஜெயித்துவிட்டேன் பார்த்தீர்களா என்று சிரிப்பாய் என்று தலையைக் குனிந்துகொண்டே நுழைந்தேன். நீ டிரங்குப் பெட்டியைத் திறந்து வைத்து, எஸ்தர் கவுன்களை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாய்.

"என்ன பண்றே? அவங்கதான் மாட்டேன்னுட்டாங்களே."

"தணல் இல்லாட்டி போகக்கூடாதா? நான் வீம்புக்குச் சொன்னேன். நீங்க பயந்துக்கிட்டே இங்கே இருக்க வேணாம். போகணும்னா சொல்லுங்க, நான் வர்றேன்."

உன் கையைப் பார்த்தேன். மூடியைத் தூக்கித் தூக்கி மணிக்கட்டு நெடுகச் சுட்ட தழும்பு. அந்தக் கை, தான் பார்த்தேயிராத ஊருக்காக, சொன்னால் இந்த நிமிஷமே பெட்டியைப் பூட்டிவிடும். எத்தனையோ சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்தது இதுதான்:

"எனக்கு முதுகு வலிக்குது. இந்தப் பெட்டியெல்லாம் தூக்க முடியாது."

கையிலிருந்த கவுனை மடியில் வைத்துக்கொண்டாய்.

"அப்போ எடுத்து வெச்சிடவா?"

"வெச்சிடு."

பெரிய மனிதர்கள் யோசித்து முடிவெடுக்கிறார்கள். நான் முதுகைச் சாக்குச் சொல்லி ஒரு நாட்டில் தங்கிவிட்டேன்.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தாய், எழுந்திருக்கவில்லை. உன் அடக்கத்துக்கு நாலு பேர் சேருவார்களா என்றுதான் எனக்குக் கவலை. நம் ஜனங்கள் அவ்வளவு குறைந்திருந்தார்கள். தெருவே வந்தது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பர்மியப் பையன்கள் பெட்டிக்குத் தோள் கொடுத்தார்கள். ஜெபம் முடிகிறவரை டோ கின் அக்கா தம் வழக்கப்படி கைகூப்பித் தரையில் உட்கார்ந்திருந்தார். முதுகு வலிக்காரனைப் பெட்டிப் பக்கமே யாரும் விடவில்லை.

இன்றைய டீ கேக்கைச் சொல்லாமல் விட்டேனே. வெண்ணெய்க்குப் பதில் தேங்காய்ப்பால் திரட்டைப் போட்டாள் எஸ்தர். மாவை அவளுக்கு அழுத்திப் பிசையாமல் இருக்கத் தெரியவில்லை. உன்னிடம் இருந்த பொறுமை இன்னும் அந்தக் கைக்கு வரவில்லை.

"எப்படிப்பா இருக்கு?"

"பட்டறைக்குக் கொண்டுபோனா வாஷரா மாட்டிடலாம்."

"அப்போ சாப்பிடாதீங்க."

டீயில் முக்கி முக்கித் தின்றேன். பாத்திரம் காலியானதும்தான் அவள் கோபம் இறங்கிற்று.

அண்ணன் இப்போதும் எழுதுகிறார். அவளும் போயாச்சு, இனி அங்கே உனக்கு என்ன இருக்கிறது, மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு என்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தான். வரிசையில் நின்று கால் ஓய்ந்துவிட்டது. சாயங்கால ரயிலில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வரும்போது, எங்கேயாவது போய் விழுந்து தூங்கினால் தேவலை என்று இருக்கிறது. ஆனால் பதில் எழுத உட்கார்ந்தால் கை நகர மாட்டேன் என்கிறது. உன்னை இந்த மண்ணில் தனியாக விட்டுவிட்டு வர முடியாது என்று எழுதலாம். படித்தால் அண்ணன் அழுவார், அவர் உடம்புக்கு ஆகாது. அதனால் ஒவ்வொரு தடவையும் இன்னும் லீவு கிடைக்கவில்லை என்றே எழுதிப் போடுகிறேன்.