வாரன்டி அட்டையில் உன் எழுத்து

அன்புள்ள உனக்கு,

நீ என்னிடம் பொய் சொன்னாய். நமது கேமரா, கம்பெனிக் கடையில் வாங்கியது அல்ல; வேறு நாட்டில் விற்க வேண்டியதைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவந்த சரக்கு.

நேற்று சர்வீஸ் சென்டர் பெண் அதன் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, “இது எங்க கணக்குலயே இல்லக்கா, காசு குடுத்தாலும் தொட மாட்டோம்” என்றாள்.

“அதே ஃபேக்டரி, அதே பேரு. அடுத்த நாட்டுல வித்தா உங்க பிள்ளை இல்லையா?” என்று கத்தினேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நாட்டுக்கொரு விலை வைத்து நம்மைப் பிழிகிற கம்பெனிமீது எனக்கு இப்போதும் ஆத்திரம்தான். அந்த ஆத்திரத்தில் வாரன்டி அட்டையை எடுத்து நீட்டினேன்.

“இது யாரோ கையால நிரப்பினதுக்கா.”

உன் எழுத்து எனக்குத் தெரியாதா?

வாங்கும் முன் இருவரும்தானே உட்கார்ந்து பேசினோம்? பின்வாசல் சரக்கு என்றால் கால் பங்கு விலை மிச்சம், ஆனால் பழுதானால் ஏன் என்று கேட்க ஆளில்லை, வேண்டாம் என்று முடிவெடுத்தோம். நீயும் தலையாட்டினாய். பிறகு “தள்ளுபடியில கிடைச்சுது” என்றாய். நான் பில்லைக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதை இப்போது எழுத விருப்பமில்லை.

நான் படமெடுக்கப் போன கல்யாணத்தின் நடுவில் ஷட்டர் நின்றதும் மீதியை ஃபோனில்தான் எடுத்தேன். எல்லாம் மங்கல். சனிக்கிழமை பத்து மணிக்குப் மணப்பெண்ணின் அப்பா நம் ஸ்டூடியோவுக்குப் படம் பார்க்க வருகிறார்.

நீ உன் அக்கா வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டு ஃபோனை எடுக்க மறுக்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன். சனிக்கிழமை வா. என் பக்கத்தில் உட்கார்ந்து அவரிடம் நீயே சொல். வருவாயா, மாட்டாயா?

உன் மனைவி