முப்பத்தாறு ஆணி

வீட்டு ஓனர் ஐயா அவர்களுக்கு,

நான் அக்கா வீட்டுக்குப் போகிறேன். சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது.

நேற்று நீங்கள் பதினேழு கேள்வி கேட்டுத் துளைத்தெடுத்தீர்களே, அந்தத் தையல்காரப் பெண் நாலு மணிக்கு வருவாள். மாடிச் சாவியைக் கொடுத்துவிடுங்கள். "உனக்கு ஆளை எடைபோடத் தெரியாது" என்று ராத்திரி என்னிடம் எகிறினீர்கள். அவளுக்கு நன்றாகவே தெரிகிறது. நீங்கள் அவளுடைய பழைய ஓனருக்குப் போன் போட்ட மாதிரியே, அவளும் நம் பழைய ஓனரைத் தேடிப்பிடித்து உங்களைப் பற்றி விசாரித்திருக்கிறாள்!

"அந்த ஆளா? சுவத்துல ஆணியே அடிக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் குடிவெச்சேன். காலி பண்ணப்போ எண்ணினா முப்பத்தாறு! அந்தம்மா முகத்துக்காகப் பொறுத்துக்கிட்டேன்" என்றாராம்.

நீங்கள் அவளுக்குப் போட்ட முதல் நிபந்தனையே ஆணி அடிக்கக் கூடாது என்பதுதானே? ஓனராகி மூன்று வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் என்ன மிடுக்கு!

"நீங்கதான் ஓனர்னா வர்றேன்க்கா" என்றாள். சரி என்றுவிட்டேன்.

பி.கு.: கண்ணாடி மாட்ட ஒரே ஒரு ஆணி வேண்டுமாம். நீங்களே அடித்துக் கொடுங்கள். முப்பத்தாறு அடித்த கை, கோணாது.