ஐஜிரெக் வெட்டாத பூ

அன்புள்ள உலார்பெக்குக்கு,

நீங்களும் மகளும் ஆடுகளும் நலமா? நான் நலம், கோபம்தான் இன்னும் இறங்கவில்லை.

ஐஜிரெக் எனக்காகச் செய்தாள் என்று கொடுத்தனுப்பிய கம்பளித் துலிப் பூ மாஸ்கோவுக்கு வந்து சேர்ந்தது. தையற்கூடத்தில் எல்லாரும் மெச்சினார்கள். நாள் முழுக்கத் துணி வெட்டுகிறவள் நான். அதை வெட்டியது ஐந்து வயதுக் கை இல்லை என்று எனக்குத் தெரியாதா?

போனில் அவளிடமே கேட்டேன்.

"எனக்கு வெட்ட வராதும்மா. நான் வெட்டினது கோணலா இருக்காம். பள்ளிக் கண்காட்சியில வைக்க முடியாதுன்னு டீச்சர் சொன்னாங்க. அப்பாதான் வெட்டினாரு."

நான் புறப்பட்ட அன்றுகூட "நானே, நானே" என்று என் கையிலிருந்த மாவைப் பிடுங்கியவள்! 'வராது' என்பதை மட்டும் டீச்சரும் நீங்களும் சேர்ந்து நன்றாகக் கற்றுக்கொடுத்திருக்கிறீர்கள். கண்காட்சி உங்களுக்கா, அவளுக்கா? இனி கத்தரிக்கோலை அவளிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் சும்மா உட்காருங்கள். டீச்சரிடமும் இதையே சொல்லுங்கள்.

உப்புத் தயிர் உருண்டை தீர்ந்துவிட்டது. கொஞ்சம் அனுப்புங்கள்; பேச ஆளில்லாத வாய்க்கு அதுதான் துணை.

மேற்பார்வைக்காரி கத்துகிறாள். அந்தக் கோணல் பூவை அடுப்பில் போட்டுவிடவில்லையே? அதை அனுப்புங்கள். உங்கள் பூவை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். நான் உங்களுக்கு அம்மா இல்லை.

ஜாஸ்குல்